கையெழுத்துப் போடாத வெர்லீன்

வெர்லீன் காட்ஸ்டன் லேசில் எதையும் நம்பமாட்டாள். வேகவைத்த கடலை வாங்கினால்கூட பொட்டலத்தின் அடிவரை கையை விட்டுப் பார்ப்பாள். எங்கள் தென் கரோலினாப் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாக வரலாறு நடத்துகிறாள். பக்கத்து வகுப்பு என்னுடையது. என்னை நம்பவே அவளுக்கு ஆறு வருடம் பிடித்தது.

போன ஜூனில் தேவாலயக் கூடத்தில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. கறுப்பர்களுக்கு நடந்த கொடுமைகளின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று. முடிவதற்குள் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வெர்லீனின் ஆசிரியர் உரிமம் காலாவதி. இருந்தும், தாள் வரும்போதெல்லாம் பேனாவைத் தொடாமல் என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

காரணம் தெரியாமல் இல்லை. அவள் அம்மா லூட்டியும் ஆசிரியைதான். 1956இல், கறுப்பர் உரிமைச் சங்கத்தில் இருக்கும் ஆசிரியர்கள் தங்கள் பெயரை எழுதித்தரச் சொன்னது பள்ளி நிர்வாகம். லூட்டி மறைக்காமல் தன் பெயரை எழுதினாள். அடுத்த வாரம் வேலை போனது. இன்றைக்கும் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. 'என் பிள்ளை மனம் நோகும்படி பாடம் நடத்துகிறார்' என்று யாராவது ஒரு பெற்றோர் புகார் எழுதினால் போதும், வேலைக்கு ஆபத்து.

அவள் சந்தேகமெல்லாம் ஹாலிஸ் ராஸ்ட் மேல். வெள்ளைக்கார இளைஞன், புது ஆசிரியன். அவன் அப்பா பள்ளி வாரிய உறுப்பினர். ஆசிரியர்களை வைப்பதும் நீக்குவதும் அந்த வாரியம்தான்; வருகைத் தாளும் அங்கேதான் போகும். யார் வாயைத் திறந்தாலும் அவன் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான்.

"அவன் பாடம் படிக்க வரலடி, ஆளுங்கள வேவு பாக்க வந்திருக்கான்," என்று என் காதில் சொன்னாள். கேள்வி கேட்கத் தூக்கிய கையை நானும் இறக்கிக்கொண்டேன்.

கடைசி நாள் மதியம், இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போடவில்லை என்றார் பயிற்சி நடத்தியவர். வெர்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வரிவரியாகப் பார்த்தாள். ராஸ்ட் பெயரும் இல்லை.

தாளோடு நேராக அவனிடம் போனாள். முதலில் நோட்டை வாங்கிப் புரட்டினாள். பாடக் குறிப்புகள்தான், யார் பெயரும் இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டாள். அவன் காதெல்லாம் சிவந்துபோனது. இங்கே வந்தது அப்பாவுக்குத் தெரியாது, தாள் வாரியத்துக்குப் போகும் என்று இழுத்தான்.

"தெரிஞ்சா என்ன பண்ணுவாரு தம்பி?"

"ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாரு, மிஸ் வெர்லீன்."

"அவ்ளோதானா? எங்கம்மா பேரெழுதிக் குடுத்துட்டு, பதினெட்டு வருசம் உங்கள மாதிரி ஆளுங்க சட்டைக்கு இஸ்திரி போட்டா. மொதல்ல நீ போடு."

முழுப் பெயரையும் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு அதற்கு ஒட்டினாற்போல் கீழே தன் பெயரை எழுதி, செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

"இனி உங்கப்பா என் பேர எடுத்துக் காட்டணும்னா, உன் பேரையும் சேத்துத்தான் காட்டணும்," என்றாள்.