அக்கா ஓடாத ரிலே

போன வாரம் வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு. வெளியே என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும், அது வேறு கதை. தெற்கு வாசல் பக்கத்து மருந்துக்கடையில் குளுக்கோஸ் பவுடர் வாங்கி வந்து டம்ளரில் கலக்கும்போது கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிவிட்டது. வீணாக்குவானேன் என்று நக்கினேன். நாக்கில் பட்டதும் ஒரு சின்னக் குளிர்ச்சி ஓடி மறைந்தது. குளுக்கோஸைக் கலக்காமல் பொடியாகவே தின்றவர்களுக்கு அது தெரியும். டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாடி ஏறினாலே உட்கார இடம் தேடுகிற ஆள் நான். இவள் ஒரு காலத்தில் ரிலே ஓடினாள் என்று சொன்னால் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன்கூடச் சிரித்துவிடுவார்.

ஆனால் ஓடினேன். சுமாராகத்தான். நன்றாக ஓடியவள் என் அக்கா வசந்தி.

எங்கள் வீடு அப்போது திருச்சியில், எடமலைப்பட்டி புதூரில் இருந்தது. அப்பாவுக்கு மதுரை ரோட்டில் லேத் பட்டறை. அக்கா என்னைவிட ஒரு வயது பெரியவள். பள்ளிக்கூடத்திலேயே ஓட்டத்தில் பெயர் எடுத்ததால் டவுனில் இருந்த பெண்கள் கல்லூரி ஒன்று அவளைக் கூப்பிட்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பீஸ் இல்லாமல் கெமிஸ்ட்ரி சீட் கொடுத்தது. அடுத்த வருஷம் எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக் கல்லூரிக்குப் போனேன். அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் ஆகாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் காவிரி ஓடியது, அது போதுமான காரணமாக இருந்திருக்கலாம். அவர்கள் எங்களைத் ‘தீவுக்காரிங்க’ என்பார்கள். கோபம் வந்தால் ‘புளியோதரை டீம்’. நாங்கள் அவர்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறந்ததும் இரண்டுக்கும் நடுவே போட்டிகள் ஆரம்பிக்கும். கோ-கோ, கபடி, த்ரோ பால், பால் பாட்மின்டன், கேரம், கடைசியில் ஓட்டப் பந்தயங்கள். எல்லாவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுத்த கல்லூரிக்கு ஓவரால் கோப்பை. ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று மாசி வரைக்கும் இழுக்கும். மார்கழியில் எங்கள் மைதானம் முழுக்க வைகுண்ட ஏகாதசிக்கு வந்த வெளியூர் பஸ்கள் நிற்கும் என்பதால் நாங்கள் கொள்ளிடம் மணலில் ஓடிப் பழகினோம். கணுக்கால் புதையும் மணலில் ஓடிவிட்டுக் கெட்டியான தரைக்கு வந்தால் கால் தானாகப் பறக்கும் என்பது எங்கள் பி.டி. மேடத்தின் நம்பிக்கை. எனக்குக் கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம்.

வீட்டில் அந்த சீசன் வேடிக்கையாக இருக்கும். கொடியில் என் பச்சை பனியன், அக்காவின் அரக்கு பனியன். ஒரு தடவை அம்மா இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, நான் ஒரு மாதிரி வெந்த கத்தரிக்காய் நிறத்தில் போய் கபடி ஆடினேன். அப்பா சாப்பிடும்போது கேட்பார், “இன்னைக்கு யாரு ஜெயிச்சீங்க?” எங்களில் ஒருத்தி கையைத் தூக்குவாள். “எப்படியோ கப்பு நம்ம வீட்டுக்குத்தான் வருது” என்பார். கோப்பை பிரின்சிபால் ரூமுக்குப் போகும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அதில் அக்கறை இல்லை.

வெளியில் தெரியாத ஒன்று, அந்தக் களைப்பு. இரண்டு கல்லூரியிலும் விளையாடுகிற பெண்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வெயிலில் கறுத்துவிடுவோம் என்று வர மாட்டார்கள், அல்லது வீட்டில் விட மாட்டார்கள். அதனால் காலையில் கோ-கோ ஆடியவளே மதியம் த்ரோ பால் ஆடுவாள், சாயங்காலம் ஓடுவாள். அக்காவை அவர்கள் எல்லாவற்றிலும் போட்டார்கள். பீஸ் இல்லாத சீட் என்பதை யாரும் வாயால் நினைவுபடுத்தவில்லை. அவளுக்கே அது எப்போதும் நினைவில் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்து ஈரத் தலையோடு படுத்தால் மறுநாள் அம்மா தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டும்.

நான் சொல்ல வருவது அவளுடைய கடைசி வருஷத்தை.

அந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு ஆசை. அக்காவை ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். சின்ன வயதில் தெருமுனைக் குழாயடி வரைக்கும் ஓடுவதிலிருந்து ஒரு தடவைகூட அவளை நான் முந்தியதில்லை. அடுத்த வருஷம் அவள் இருக்க மாட்டாள். எங்கள் மேடத்திடம் போய், ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடுகிற ரிலேயில் கடைசி ஆளாக என்னைப் போடுங்கள் என்று கேட்டேன். டவுன் டீமில் கடைசி ஆள் எப்போதும் அக்காதான்.

“அவகிட்ட தோத்துருவேன்னு பயமில்லையா?” என்றார் மேடம்.

“தோத்துப் பழக்கம்தான் மேடம்.”

அவர் சிரித்துவிட்டுப் போட்டுவிட்டார்.

கடைசி வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். உடம்பு லேசாகச் சுட்டது. “அசதியா இருக்கும்மா” என்றாள். அந்த சீசனில் ஒருத்தி அசதி என்று சொன்னால் அது செய்தியே இல்லை. எனக்கும்தான் அசதி, எல்லோருக்கும்தான் அசதி. அம்மா மட்டும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “நாளைக்குப் போகாதடி” என்றாள்.

“நாளைக்குத்தாம்மா கடைசி. முடிச்சிட்டு ஒரேயடியா படுத்துக்கறேன்.”

கடைசி நாள் போட்டி அவர்கள் மைதானத்தில். காலையில் ஆயிரத்து ஐநூறு மீட்டரில் அக்காதான் முதலில் வந்தாள். முடித்ததும் வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். மதியம் கோ-கோ பைனல் ஆடினாள். வெயில் சாயும்போது புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு கல்லூரியும் ஏறக்குறைய சமம். ரிலேயை யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. மைக்கில் அதைச் சொன்னதும் இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

நானும் அக்காவும் கோட்டருகே பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவர்களுடைய பி.டி. சார், நல்ல உயரமான மனிதர், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கையில் குளுக்கோஸ் டப்பாவோடு ஓடி வந்தார். அவரும் அன்று மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டார். அக்காவின் உள்ளங்கையில் பொடியைக் கொட்டினார்.

அக்கா அதை வாயில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னாள், “சார், என்னால முடியல சார்.”

“ஒரே ஒரு ரவுண்டு தானேம்மா.”

“அந்த ஒரு ரவுண்டுதான் சார் முடியல.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, “வசந்தி, காலேஜே ஒன்னத்தான் பாத்துட்டிருக்கு” என்றார்.

அக்கா கோட்டைவிட்டு விலகி நாலடி நடந்து, தரையில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவசரமே இல்லாமல், வீட்டுக்கு வந்து அவிழ்ப்பது மாதிரி அவிழ்த்தாள். மைக்கில் அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவள் நிமிரவே இல்லை.

கடைசியில் குண்டு எறிகிற பெண் ஒருத்தியை அவசரமாக அந்த இடத்தில் நிறுத்தினார்கள். பாவம், அவள் பேட்டனை வாங்கும்போதே அழுதுகொண்டிருந்தாள். நான் சுலபமாக ஜெயித்தேன். எங்கள் பெண்கள் என்னைத் தூக்கினார்கள். மேலே இருந்தபடி அக்காவைத் தேடினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அப்போது அவள்மேல் கோபம்தான். மார்கழி முழுக்க மணலில் ஓடியது அவளோடு ஓடுவதற்காக. அவள் இல்லாமல் ஜெயித்து நான் என்ன செய்ய?

அதற்குள் அவர்கள் பக்கம் பேச்சு கிளம்பிவிட்டது. “தங்கச்சிக்கு விட்டுக் கொடுத்துட்டா.” அவளோடு மூன்று வருஷம் ஓடிய பெண்களே அவள் காதில் விழும்படி சொன்னார்கள். எங்கள் பக்கத்திலும் ஒருத்தி என்னிடம் வந்து, கண்ணடித்து, “வீட்லயே பேசி முடிச்சிட்டீங்களா?” என்றாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். பனியனைத் தாண்டிச் சூடு தெரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் அக்காவின் கண் மஞ்சளாக இருந்தது. டாக்டர் காமாலை முற்றியிருக்கிறது என்றார். இந்த உடம்போடு இத்தனை நாள் ஓடினாளா என்று அப்பாவைத்தான் திட்டினார். அப்பா அன்றைக்குப் பட்டறையைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பி.டி. சார் எங்கள் வீடு தேடி வந்தார். பேசுவதற்குத் தயாராக வந்தவர் என்று முகத்தில் தெரிந்தது. அப்பா “வாங்க சார், உக்காருங்க” என்று நாற்காலியைப் போட்டார். சார் உட்காராமலே கேட்டார், “காலேஜ்ல எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க சார். உண்மையான்னு உங்க பொண்ணுகிட்டயே கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

அம்மா உள்ளே கையைக் காட்டினாள். அக்கா பாயில் படுத்திருந்தாள். அவர் நிலைப்படியில் நின்று பார்த்தார். அவள் எழுந்து உட்கார முயன்றபோது, வேண்டாம் என்று கையை அசைத்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

“சொன்னேனே சார்.”

அவ்வளவுதான். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காபியை ஆறவிட்டுவிட்டு, ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்தார். “போயிட்டு வரேங்க” என்று அப்பாவிடம் சொல்லி இரண்டு கையையும் கூப்பினார். அந்த உயரமான மனிதர் எங்கள் தெருவில் நடந்து போனது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. யாரோ பெரிய மூட்டையை ஏற்றிவிட்ட மாதிரி போனார்.

அவர் கல்லூரியில் சொல்லியிருப்பார். ஆனால் காமாலை சேதி அந்தப் பேச்சு பரவிய வேகத்தில் பரவவில்லை. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுத்தபோது அக்கா பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தாள். அந்த டீமில் இருந்திருந்தால் ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கும் என்று அப்பா ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பரீட்சை எழுதினாள், பி.எட். படித்தாள், முசிறியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சரானாள், அங்கேயே வாழைக்காய் மண்டி வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டாள். மறுபடி ஓடவே இல்லை. உடம்பு தேறிய பிறகு நான் ஒரு தடவை கேட்டேன், குழாயடி வரைக்கும் ஓடிப் பார்க்கலாமா என்று. “நீ ஜெயிச்சதாவே வச்சுக்கடி” என்றாள். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வருஷமும் நான் ஓடினேன். பக்கத்துக் கோட்டில் யாரோ ஒருத்தி நின்றாள். அவள் பெயர்கூட நினைவில்லை.

பிறகு செமஸ்டர் முறை வந்தது, நேரமில்லை என்று போட்டிகளைச் சுருக்கினார்கள், ஒரு வருஷம் நடத்தவில்லை, அப்புறம் யாரும் கேட்கவில்லை. டவுன் கல்லூரி மைதானத்தில் பாதியை ஒரு கட்டடம் எடுத்துக்கொண்டது. மீதியில் வண்டிகள் நிற்கின்றன. நாங்கள் ஓடிய கொள்ளிடம் மணல் லாரி லாரியாகப் போய்விட்டது. இப்போது பாலத்திலிருந்து பார்த்தால் பள்ளமும் நாணலும்தான். கோப்பை எங்கே என்று பழைய சிநேகிதி ஒருத்தியிடம் கேட்டேன். “எந்தக் கோப்பை?” என்றாள்.

குளுக்கோஸ் நக்கிய மறு வாரமே முசிறிக்குப் போனேன். அக்காவுக்குக் கண் பரிசோதனை, அவளைத் திருச்சிக்கு அழைத்து வர வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குள் நாங்கள் நுழையும்போது திருச்சி பஸ் கிளம்பி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டுப் படியில் நின்று, “வாங்கம்மா, ஓடி வாங்க” என்று கையசைத்தார். கொஞ்சம் எட்டிப் போட்டிருந்தால் பிடித்திருக்கலாம். நான் அக்காவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

“அடுத்தது வரும், விடு” என்றாள்.