கார் கூலிக்குப் பதினைந்து ரூபாய்

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் இருந்தது. உம்மா ஒரு டின்னில் ஐந்து சதக் காசுகளைப் போட்டு என் கையில் தருவார். ஜும்ஆவுக்கு முன் வாசலுக்கு வருகிற மிஸ்கீன்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். காசு முடிந்த பிறகு வருகிறவர்களைச் சும்மா விரட்டக் கூடாது. "மாப் செய்யுங்க" என்று மன்னிப்புக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். மாத்தளையில் எங்கள் ஆட்களின் எந்த வாசலிலும் அதைக் கேட்டால், வந்தவர் மறுபேச்சில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எட்டு வயதில் அதைச் சொல்வதில் எனக்கு அப்படியொரு பெருமை. பெரிய மனுஷியாவது என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

பாணுக்கும் அரிசிக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. தோட்டங்களிலிருந்து பசியோடு இறங்கி வருகிறவர்களால் டின் சீக்கிரம் காலியாகிவிடும். அன்றும் காலியாகிவிட்டது. வாப்பா தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வரச் சொல்லிப் பின்வளவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார், கையில் ஒரு கோரைப் பன்பை.

மொதலாளி இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, எல்கடுவப் பக்கம் மழையில் வழுக்கி விழுந்த மொதலாளியைக் குடை பிடித்து பஸ் ரோடுவரை கூட்டிப்போன ஆள் என்று சொன்னால் தெரியும் என்றார். மகளுக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறதாம். தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வர முடியாதாம். கார்க்காரர் கூலியை முன்னாலேயே கேட்கிறாராம்.

"பதினைஞ்சு ரூவா இருந்தா போதும்னு அம்மாகிட்ட சொல்லுங்க பாப்பா. அடுத்த சம்பளத்துல கொண்டாந்து குடுத்துடறேன்."

வெளி ஆண்கள் முன்னால் உம்மா வரமாட்டார். வாசல் பேச்சை உள்ளே கொண்டுபோவதும் உள்பேச்சை வாசலுக்குக் கொண்டுவருவதும் என் வேலை. இவ்வளவையும் ஒப்பிக்க யாருக்குப் பொறுமை? குசினிக்கு ஓடி, தோட்டத்து ஆள் ஒருத்தர் சல்லி கேக்குறாரு உம்மா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உம்மா தேங்காய் துருவிக்கொண்டே, மாப் கேட்டு அனுப்பு புள்ள என்றார்.

நானும் வந்து, தலையைச் சாய்த்து, அழகாகச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது.

"நான் பிச்சைக்கு வரலியே பாப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ எனக்கு விளங்கவில்லை என்பதுபோல மெதுவாகச் சொன்னார். பிறகு எங்களுக்கென்று கொண்டுவந்திருந்த நாலு சவ்சவ் காயைப் பையிலிருந்து எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார். நான் விளையாட ஓடினேன்.

பகல் சோற்றின்போதுதான் உம்மா, சவ்சவ் கொண்டுவருகிற மிஸ்கீனை நான் கண்டதில்லையே என்று சிரித்தார். வாப்பா யார் என்று கேட்டார். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கலாமே என்று குடை, மழை, மகள், மூச்சு, கார் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். பாழாய்ப்போன என் ஞாபகசக்தி! வாப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார். கார் நிற்கிற இடத்திலும் பஸ் நிற்கிற இடத்திலும் தேடினார். அன்று மாலையே எல்கடுவப் பக்கம் பஸ் ஏறினார். அங்கே தோட்டத்து ஆட்கள் இருக்கிற லயம் எத்தனை, யாரென்று கேட்பது? அவர் பெயரை வாப்பா முன்பு கேட்டிருக்கவில்லை. டவுன் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்லியிருந்தார். யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிறதுதான்.

நாலாவது தடவை தேடிப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். சின்னப் பிள்ளையை எதற்கு என்று உம்மா தடுத்துப் பார்த்தார். அவதானே சொன்னா, அவளும் வரட்டும் என்றார் வாப்பா.

ஒருவழியாக ஆள் அகப்பட்டார். லயத்து வாசலில் அதே சட்டையோடு நின்றார். உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். மகள் போய் எட்டு நாளாகிவிட்டது என்றார் அவர். என் வயதுதானாம். மௌத் என்றால் சாவு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் எங்கள் வாசலில் நான் சொன்னதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. வாப்பா சட்டைப்பையிலிருந்து இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்குத்தாங்க மொதலாளி வேணும். இனிமே வச்சு என்னா பண்றது." பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பாவ ஒண்ணும் ஏசிறாதீங்க" என்றார்.

அவர் வேண்டாமென்றதும், சல்லி மிச்சம் என்றுதான் எனக்குப் பட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது ரோட்டோரக் கடையில் எள்ளுருண்டையைக் கண்டேன். அவர் எடுக்காத சல்லியில் வாங்கித் தாங்களேன் வாப்பா என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வாப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அந்தத் தாள்களில் ஒன்றையே கடைக்காரரிடம் நீட்டினார்.

மாத்தளை வரும்வரை ஒவ்வொன்றாகக் காகிதத்தைப் பிரித்துத் தின்றேன். ஒன்றை வாப்பாவிடம் நீட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேண்டாமென்று தலையாட்டினார். வளைவு வளைவான பாதை, வாப்பாவுக்குத் தலை சுற்றுகிறது போலும் என்று நினைத்து அதையும் நானே தின்றேன்.