விரல் சொன்ன பொய்

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு விசாரணை நடந்தது. சந்தேகநபர்... நான்தான்!

எனக்கு இது ஏழாம் மாதம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சிலருக்கு வரும் சுகர் எனக்கும் வந்துவிட்டது. "முதல்ல சாப்பாட்டால கட்டுப்படுத்திப் பாப்பம். சரிவராட்டி இன்சுலின்தான்" என்றார் டொக்டர். அன்றோடு பேக்கரிப் பாண் போயிற்று. கேக் போயிற்று. பிளேன்ரீயோடு கடிக்கும் பனங்கட்டியும் போயிற்று.

மேற்பார்வைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, என் கணவரின் அம்மா, வந்திறங்கினார். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடவேணும் பிள்ளை" என்று ஆரம்பித்தவர், டொக்டர் சொன்னதைக் கேட்டதும் அப்படியே கட்சி மாறிவிட்டார். சீனிப் போத்தல் அலுமாரி உச்சிக்குப் போனது. எதிர் ஃபிளாட் ஃபரீனா ராத்தா ஆசையாய்க் கொண்டுவந்த, கருப்பட்டி இனிப்பூறிய வட்டிலாப்பம் வாசலோடு திரும்பியது. மாமி கொண்டுவந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டிக்கு மட்டும் தடையில்லை. அது மகனுக்காம்!

ஞாயிறு மதியம் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு, மீன்குழம்பு, நிறைய வல்லாரைச் சம்பல். நல்ல பிள்ளையாய்ச் சாப்பிட்டேன். சுகர் பார்க்கும் நேரம் வர, என் கணவர் கஜன் பல்கனியிலிருந்து குரல் கொடுத்தார்.

"துஷி, ஒரு மாம்பழம் வெட்டித் தாருமன். உமக்கும் சேர்த்து நானே சாப்பிடுறன்."

என்ன ஒரு தியாகம்!

வெட்டிக் கொடுத்தேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சுகர் மெஷினில் வைத்தேன். வந்த நம்பரைப் பார்த்ததும் தலை சுற்றியது. அப்படியொரு நம்பரை அதுவரை கண்டதில்லை.

"என்னத்தைத் திண்டனீ? உண்மையைச் சொல்லு பிள்ளை" என்றார் மாமி.

"சத்தியமா ஒண்டும் திங்கேல்லை மாமி!"

யார் நம்பினார்கள்? கஜன் ஃபிரிட்ஜைச் சோதனை போட்டார். ஐஸ்கிரீம் டப்பா ஒன்று அகப்பட்டது. வெற்றியோடு திறந்தார். உள்ளே கறிவேப்பிலை.

மாமி விடவில்லை. எதிர்க் கதவைத் தட்டினார். ஃபரீனா ராத்தா பதறிக்கொண்டு வந்தார்.

"அல்லாஹ்வே! நான் ஒண்டும் குடுக்கல்ல மாமி. நீங்க திருப்பி அனுப்பின பொறகு இந்தப் பக்கமே வரல்லயே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு வாயைக் கட்டியும் ஏறுகிறதென்றால், உள்ளே இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? கண்ணீரைக் கண்டதும் மாமி இளகிப்போனார். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தார். அடுத்த நொடி, அந்தக் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மாம்பழம் மணக்குது! திண்டிருக்கிறாய்!"

"நான் எங்க திண்டனான்? உங்கட மகனுக்கெல்லோ வெட்டிக் குடுத்தனான்!"

எல்லோரும் கஜனைப் பார்த்தோம். அவர் வாயோரத்தில் இன்னும் சாறு காயவில்லை.

ஃபரீனா ராத்தாதான் முதலில் சிரித்தார். "எங்கட உம்மாவுக்கும் ஒருக்கா இப்பிடித்தான் காட்டிச்சு. சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் தொடச்சிட்டு இன்னொருக்கா குத்திப் பாருங்க."

கழுவினேன். துடைத்தேன். குத்தினேன். மூன்று தலைகள் மெஷினுக்கு மேலே குனிந்தன. நம்பர் டொக்டர் சொன்ன எல்லைக்குள் சமர்த்தாய் நின்றது! ஏறியது என் இரத்தத்தில் இல்லை. விரலில் ஒட்டியிருந்த சாற்றில்.

கர்ப்பிணிக்குச் சுகர் என்றால் வீட்டில் எல்லோரும் டொக்டர். நம்பர் ஏறிவிட்டால் எல்லோரும் பொலிஸ். நிரபராதி என்று தெரிந்த பிறகு மட்டும்... எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடுகிறது.

அன்று பின்னேரம் மாமி குசினியில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், அவித்த கடலை, பல்லுப்பல்லாய் நறுக்கிய தேங்காய்ச் சொட்டோடு, இரண்டு தட்டில் வந்தது. ஒன்றை என் மடியில் வைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டப் போனார்.

எங்கள் வீடுகளில் மன்னிப்பு வாயால் வராது, தட்டில்தான் வரும். சீனி போடாமலும் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது!