அரை நாள் கழற்றிய சங்கிலி

சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த சந்தில் எந்தப் பிள்ளைக்குத் தாடை வீங்கினாலும் ‘பொன்னுக்கு வீங்கி’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். தங்கத்தைக் கழுத்தில் போட்டால் வற்றிவிடும், அவ்வளவுதான் வைத்தியம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே தங்கச் சங்கிலி அம்மாவுடையது. எனக்கு வீங்கியபோது ஐந்து நாள் அதைப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி சந்து முழுக்கத் திரிந்தேன். வீக்கமும் வற்றியது. தானாக வற்றுகிற வீக்கம் அது என்று எங்களுக்கு யார் சொல்வது?

எனக்கு எட்டு வயதானபோது அத்தைக்கு வலது தாடை வீங்கியது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். இருபத்திரண்டு வயது. காதில் கவரிங் தோடு, கழுத்தில் கருகமணி. இரண்டு இடம் வந்து தட்டிப்போய், மூன்றாவதாகச் செக்கானூரணியிலிருந்து பத்து நாளில் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தன் சங்கிலியைக் கழற்றி அத்தைக்குப் போட்டுவிட்டாள். அத்தை வீங்கின பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கண்ணாடியில் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சோழவந்தானில் அம்மாவின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். சொந்தக்காரர்கள் மத்தியில் வெறும் கழுத்தோடு நிற்க முடியாதென்று அம்மா சங்கிலியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடித்து வந்து, பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் திரும்பவும் அத்தை கழுத்தில் போட்டாள். அரை நாள்தான். அன்று சாயங்காலம் வீக்கம் இன்னும் கூடியது.

அத்தைக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. மறுநாள் பார்த்தால் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு விரல் நுழையும், அம்புட்டுத்தான். எதற்கு இப்படி என்று கேட்டேன்.

“பல்லுடி. கடைசியில ஒண்ணு உள்ளுக்குள்ளயே குடையுது” என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பல்லுன்னு தெரிஞ்சா மதினி செயினக் கழட்டிருவாக. செக்கானூரணிக்காரவுக வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிறாத.”

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பெரியவர்களின் ரகசியம் ஒன்று என்னிடம் இருப்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. மூன்று நாள் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி ஊற்றினேன். மீதியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அத்தை நன்றாகக் குடித்தாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் காலையில் காய்ச்சல் கொதித்தது. வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சு இழுத்தது. அப்பா ரிக்ஷா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பல் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கடைசிப் பல் நிமிர்ந்து வர இடமில்லாமல் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. அதை மூடிய ஈறுக்கடியில் சோறு போய்ச் சீழ் பிடித்திருக்கிறது என்றார். வாய் திறக்க முடியாமல் போன அன்றைக்கே வந்திருந்தால் சீழை எடுத்து மருந்து கொடுத்து, பிறகு பல்லையும் எடுத்திருக்கலாமாம்.

“எத்தன நாளா வாய் தொறக்கல?” என்று கேட்டார்.

நேற்றுக்கூடக் கஞ்சி நன்றாகக் குடித்தாளே என்றாள் அம்மா. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

நர்ஸ் சங்கிலியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் அத்தை செத்துப்போனாள். அவ்வளவு அழுகையிலும், கடைசிவரை சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

அதன்பிறகு அம்மா அந்தச் சங்கிலியைப் போடவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததால் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். பல்தான் காரணம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். பல் வலித்தால் என்னிடம் சொல்லாமலா இருப்பாள் என்பாள் அம்மா. அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது.

எனக்கு இருபத்தைந்து வயதில் அதே மாதிரி ஒரு பல். காளவாசலில் ஒரு பல் டாக்டர் ஈறைக் கீறி, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார். அரை மணி நேர வேலை. வாய் சரியாகத் திறக்க முடிகிறதா என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அத்தையின் உயிர் என் கையில் இருந்தது என்று எனக்கு உறைத்தது அந்த நாற்காலியில்தான்.

கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தேன். அம்மா பெட்டியைத் திறந்து அந்தச் சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டாள். வற்றுகிறவரை எதற்காகவும் கழற்றக்கூடாது என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை என்னவென்று நினைப்பாள் என்று பயந்தேன்.

ஐந்தாம் நாள் வீக்கம் வற்றியது. அம்மா என் தாடையைத் தடவிப் பார்த்தாள்.

“பாத்தியா, வத்திருச்சு. அன்னைக்கு நான் கழட்டாம இருந்திருந்தா அவளுக்கும் வத்திருக்கும்” என்று சொல்லி அழுதாள்.

நான் தலையை ஆட்டினேன்.