சாருடைய நாற்காலி

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. சிலர் போன் செய்து விசாரித்தீர்கள் - "உடம்புக்கு என்ன?" என்று. எனக்கு ஒன்றுமில்லை. என் மாமனாருக்குத்தான் நெற்றியில் நான்கு தையல். காரணம், நான். நானும் ஒரு டப்பா வெள்ளை எனாமல் பெயிண்ட்டும்.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது. தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. மூன்று வருஷமாக மறதி நோய். சாப்பிட்டது மறந்துவிடும். அத்தை இறந்துபோனது மறந்துவிடும். என் பெயர் மறந்தே இரண்டு வருஷமாகிறது. "ஏளா" என்பார். மனசு நன்றாக இருக்கிற அன்றைக்கு "தாயி" என்பார்.

அவருக்கென்று ஹாலில், ஜன்னல் பக்கம் ஒரு கை வைத்த மர நாற்காலி. கப்பலில் சரக்குக்கு அடியில் போடுகிற பலகைகள் அந்தக் காலத்தில் ஏலத்துக்கு வருமாம். அதை வாங்கிச் செய்தது. காலையில் குளித்ததும் அதில் போய் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். யாரும் கூட்டிப்போக வேண்டாம். கால்கள் தானாகப் போகும்.

என் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு கால் விரிசல் விட்டு... அசிங்கமாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. திரைச்சீலை மாற்றியாயிற்று. நடுவில் இது மட்டும் இப்படி இருக்கலாமா? மொபைலில் பழைய மரச் சாமான்களைப் புதுசாக்கும் வீடியோக்கள் வேறு பார்த்துத் தொலைத்திருந்தேன். பதினைந்து நிமிஷத்தில் எல்லாமே பளபளவென்று ஆகிவிடும் அதில்!

பெயிண்ட் கடை அண்ணாச்சி போட்டோவைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு? லேசா வார்னிஷ் மட்டும் குடுத்தாப் போதும்மா" என்றார். நான் கேட்கவில்லை.

"நாற்காலியை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கு மாமா" என்று சொல்லி மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். நான்கு நாள் வேலை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தேய்க்க மாவு மாவாக உதிர்ந்தது. கைப்பிடிகளில்தான் அதிக நேரம் பிடித்தது. அவருடைய உள்ளங்கை எண்ணெய் ஏறி ஏறி, அந்த இடம் மட்டும் கருங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. விடாமல் தேய்த்தேன். விரிசலுக்குப் பட்டி வைத்தேன். பிரைமர் அடித்தேன். அதற்கு மேல் இரண்டு கோட்டிங் வெள்ளை. உப்புக்காற்றில் பெயிண்ட் லேசில் காயாது - விசிறியெல்லாம் வைத்துக் காயவைத்தேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஞாயிறு காலை கீழே இறக்கினோம். மாப்பிள்ளை வீட்டார் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். தலை எண்ணெய் பட்டு வெள்ளை பாழாகிவிடக் கூடாதே என்று நாற்காலியின் முதுகில் புது டர்க்கி டவல் ஒன்றைப் போட்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா நேராகப் போய் அதில்தான் உட்கார்ந்தார். நல்ல ஆகிருதியான மனிதர்.

அப்போது மாமா உள்ளறையில் இருந்து வந்தார். பார்த்தார். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார்.

"குட்மார்னிங் சார்."

கை கட்டி, அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

வெள்ளை நாற்காலி. ஆபீசர் நாற்காலி மாதிரி முதுகில் டர்க்கி டவல். அதில் ஒரு பெரிய மனிதர். மாமா வேறு என்னதான் நினைப்பார்?

"உக்காருங்க பெரியவரே" என்று அவர்கள் கெஞ்சினார்கள். "இருக்கட்டும் சார், இருக்கட்டும் சார்" - இதுதான் பதில். கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, ஊர்க்கதை பேசி முடிகிற வரை ஒரு மணி நேரம் நின்றார். புது நாற்காலியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் தகவலும் இதுவரை சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகாவது உட்காருவார் என்று நினைத்தேன்.

"மாமா, ஏன் நிக்கிய? இது உங்க சேர்தான்."

"ஏளா, சும்மா இரு. சார் வெளிய போயிருக்காவ. இப்ப வந்துருவாவ."

டவலை எடுத்துப் பார்த்தோம். பயனில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். ஆபீசர் இடத்துக்கு முன்னால் உட்காருவது மரியாதை இல்லையாம். மறுநாளும் குளித்துவிட்டு வந்து நின்றார். அதற்கு மறுநாளும். இரண்டு காலும் வீங்கிவிட்டன. நிற்க விடாதீர்கள் என்றார் டாக்டர். என் கணவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாற்காலி கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவார் என்று ஒரு யோசனை. யாருடைய யோசனை? அதுவும் என்னுடையதுதான். மாடியில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் பதறிப்போனார். "சார் சேர யாரு எடுத்தா? எம் பொறுப்புல விட்டுட்டுல்லா போனாவ!" அறை அறையாகத் தேடினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், பின்கட்டுப் படியில் கால் தவறி விழுந்துவிட்டார். ரத்தத்தைத் துடைக்கத் துடைக்க என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாயி, சார்ட்ட என்ன சொல்ல?"

அதுதான் அந்த நான்கு தையல்.

நாற்காலியை மறுபடி கீழே இறக்கினோம். பெயிண்ட்டை எடுத்துவிட முடியுமா என்று அண்ணாச்சியையே வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "பெயிண்ட்ட எடுத்துரலாம்மா. ஆனா உள்ள வெளிறின மரம்தான் இருக்கும். அந்தக் கறுப்ப நான் எங்கன போயி வாங்க?" என்றார்.

பழசாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று ஒரு பொருளைத் தூக்குகிறோமே... யார் கண்ணுக்குப் பழசு என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறோமா? நான் யோசிக்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை. என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பி நின்றார். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வேலை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஹாலில் அவருடைய அப்பா, நெற்றியில் பிளாஸ்திரியோடு, நாற்காலிப் பக்கத்தில் கை கட்டி நிற்கிறார். கால் நடுங்குகிறது. என் கணவர் திடீரென்று நான் கேட்டே இராத ஒரு குரலில் பேசினார்.

"தங்கராஜ்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தகப்பனைப் பெயர் சொல்லி...

மாமா விறைப்பாக நிமிர்ந்தார். "சார்."

"உக்காரும்."

"சார்... இது உங்க சேர் சார்."

"நான் சொல்லுதேன்லா? இனி இது உம்ம சேர். உக்காரும்."

மாமா உட்கார்ந்தார். விளிம்பில் ஒட்டிக்கொண்டு முதலில். பிறகு மெதுவாகச் சாய்ந்து, இரண்டு கையையும் கைப்பிடிகளில் வைத்துக்கொண்டார். "தேங்க்ஸ் சார்" என்றார். ஒன்பது நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதி.

கணவர் வெளியே போய்விட்டார். பைக் கிளம்புகிற சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டிமேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

அவர் அழுதது பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு மட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மாமாவுக்கு எல்லாப் பெயரும் போன பிறகும் ஒரு பெயர் மிச்சம் இருந்தது. "சேகர்." மகன் வீட்டுக்குள் வந்தால், "சேகர் வந்துட்டியாலே, சாப்ட்டியா?" என்பார். நாள் தவறாமல். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணவர் உள்ளே நுழைந்ததும் மாமா நாற்காலியை விட்டுப் பதறி எழுந்து நின்றார்.

"குட்ஈவ்னிங் சார்."

புதனும் அப்படித்தான். வியாழனும் அப்படித்தான். சேகர் போய்விட்டான். சார் மட்டும்தான் இருக்கிறார்.

இப்போது தினமும் காலையில் ஒரே ஒரு முறை ஹாலுக்கு வந்து, "தங்கராஜ், உக்காரும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போகிறார் என் கணவர். சாயங்காலம் திரும்பும்போது தெருமுனையிலேயே பைக்கை அணைத்து, சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வருகிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைகிறார். சமையலறையிலேயே சாப்பிடுகிறார்.

அப்பா எழுந்து நின்றுவிடக் கூடாதே என்று.