செக்கரம்மா டிவியில் மஞ்சள்

செக்கரம்மாவுக்கு யார் வீட்டுக்குள் வந்தாலும் முதலில் கையைத்தான் பார்க்கத் தோன்றும். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர் ஆயிற்றே! ஓசிப் பயணியை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் புத்தி மாறவில்லை. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் டிவி மெக்கானிக் கால் வைத்ததே மகன் சொன்னதால்தான். வேறு ஊரில் வேலை பார்க்கும் அவன்தான் போன மாதம் அந்தப் பெரிய டிவியை வாங்கி அனுப்பினான். ஞாயிறுதோறும் அதில்தான் வீடியோ காலில் பேசிக்கொள்வார்கள். ஆனால் சினிமா போட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சினிமாச் சண்டைகூடப் பக்கத்து வீட்டு ஹாலில் நடக்கிற மாதிரி இருந்தது.

"அது மோஷன் ஸ்மூத்திங்னு ஒரு செட்டிங் மா. கலரும் கடையில ஏத்தி வெச்சபடியே அடிச்சுக்கிட்டு இருக்கும். ஆளை அனுப்புறேன், சரி பண்ணிடுவார்" என்றான் மகன்.

வெள்ளிக்கிழமை வந்த மெக்கானிக் ஸ்மூத்திங்கை அணைத்தார். திரையில் நிறம் அளக்கும் ஒரு கருவியை ஒட்டிவைத்து, ஒரு மணி நேரம் அளந்து அளந்து நிறங்களைக் குறைத்தார். செக்கரம்மா எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் திரையில் வந்ததும் அவருக்குப் பகீரென்றது. போன வாரம்வரை தக்காளியாய் இருந்த முகம் மஞ்சளாக இருந்தது!

"நல்லா இருக்கியாடா?"

"எனக்கென்ன மா, ஜம்முனு இருக்கேன்."

அப்படியானால் கோளாறு டிவியில்தான். அன்றைக்கு நடுவில் இவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனாரே, அந்த ஒரு நிமிஷத்தில் அந்த மெக்கானிக் படுபாவி நல்ல சாமானை உருவிவிட்டு ஓட்டை உடைசலை மாட்டியிருக்கிறான்! செக்கரம்மாவுக்கு மனசு ஆறவேயில்லை. மறுநாள் காலையிலேயே மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

"மரியாதையா சொல்லு தம்பி. என்னத்தைக் கழட்டிட்டுப் போன?"

"நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலம்மா."

"இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

மெக்கானிக் மறுபடி கருவியை ஒட்டி அளந்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. "பையனைக் கூப்பிடுங்கம்மா, நானும் பாக்குறேன்" என்றார்.

மகன் திரையில் வந்தான். இந்நேரத்துக்கு வேலையில் இருக்க வேண்டியவன் படுக்கையில் இருந்தான். மெக்கானிக் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பின்னாடி சுவரைப் பாருங்கம்மா, வெள்ளையாதான் இருக்கு. சட்டையும் வெள்ளை. டிவி தப்பா காட்டினா அதுவும்தானே மஞ்சளா தெரியணும்? உங்க பையன் கண்ணைப் பாருங்க."

பார்த்தார். கண்ணின் வெள்ளைவிழியும் மஞ்சள். கடையில் ஏற்றிவிட்ட கலரில் இத்தனை நாள் இது மறைந்து கிடந்திருக்கிறது.

ஊரையே சந்தேகப்பட்ட செக்கரம்மா, பெற்ற பிள்ளை சொன்னதை மட்டும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் நம்பியிருந்தார்.

"எத்தனை நாளாடா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு வாரமா மா. சாப்பாடே இறங்கல. நீ பயந்துடுவேன்னுதான்..."

"டாக்டர்கிட்ட போனியா?"

"நாளைக்குப் போலாம்னு..."

"வாயை மூடு. இப்பவே கிளம்பு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கால் பண்ணி, போர்டைக் காட்டு. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வரேன்."

கையில் கிடைத்த துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். மெக்கானிக் இன்னும் கருவியைப் பிரித்துக்கொண்டிருந்தார். செக்கரம்மா வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தார்.

"முடிச்சுட்டுப் பூட்டிக்கப்பா. சாவியை எதிர் வீட்ல குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.