சுவரோரம் செக்கிங் அக்கா

விசில் ஊதும் முன்பே செருப்பைக் கழற்றித் தூண் ஓரமாக வைத்துவிட்டு, பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு, நீச்சல் குளத்தின் விளிம்பில் கால் கட்டைவிரல்கள் வெளியே நீட்ட நிற்கிறார் செக்கிங் அக்கா. மற்ற பெற்றோர் எல்லாம் தண்ணீர் தெறிக்காத தூரமாகப் பார்த்து நின்றுகொள்வார்கள். அக்காவிடம் அந்தப் பேச்சே கிடையாது. "மேல தண்ணி படலன்னா, நாம சுவர பாக்கலன்னு அர்த்தம்" என்பார்.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் வேலை. மேசையில் சட்டையை விரித்தால் போதும், விட்டுப்போன தையல் தானாக வந்து கண்ணில் விழும். உடனே அதன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். தைத்தவர் தோழியா, சூப்பர்வைசரின் மச்சினியா என்பதெல்லாம் அக்காவுக்கு அநாவசியம். "நூலுக்கு சொந்தம் பந்தம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார்.

பிள்ளைகளின் நீச்சல் போட்டி என்றால், நீந்துவது மட்டும்தான் பிள்ளைகள். மற்றது அத்தனையும் பெற்றோர் தலையில். லேனுக்கு இரண்டு பேர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும். நேரம் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓட வேண்டும். சின்னஞ்சிறுசுகளை வரிசை கலையாமல் பெஞ்சில் உட்கார வைக்க ஒருவர். அவர் பாடு பெரும்பாடு. கிளப் செயலாளரான மருந்துக்கடைக்காரர் வேலை பிரிக்கும்போது எல்லோரும் நிழலில் இருக்கும் டீ மேசைக்கே அடித்துக்கொள்வார்கள். யாரும் சீந்தாத வேலை ஒன்று உண்டு. அது திரும்பும் சுவரில் நிற்கும் நடுவர் வேலை. தவளை நீச்சலில் பிள்ளை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒற்றைக் கை பட்டால் நடுவர் கையைத் தூக்குவார், பிள்ளை அவுட். பெற்றவர்களின் பகை இலவச இணைப்பு. புதிதாக மகளைச் சேர்க்க வந்த அக்காவின் கையில் விதிப் புத்தகத்தைத் திணித்துத் தப்பித்தார்கள். அவரோ ஒரு வாரம் கம்பெனி பஸ்ஸில் அதை வரி விடாமல் படித்துவிட்டார்.

முதல் போட்டியிலேயே ஒன்பது முறை கை தூக்கினார். அதில் ஒன்று செயலாளரின் மகனுக்கு.

"புள்ள எப்படி அழுவுறான் பாருங்கம்மா" என்று வந்து நின்றார் செயலாளர்.

"இங்கயே அழட்டும் சார், தண்ணியோட தண்ணியா போயிடும். பெரிய போட்டியில போய் அழுதா ஊரே பாக்கும்."

இன்னொன்று சொந்த மகளுக்கு. வீட்டில் இரண்டு நாள் தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சமையலறைச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள் மகள். அக்காவின் கணவர் மட்டும் இன்றுவரை பார்வையாளர் பகுதியின் கடைசிப் படியில், இந்த அம்மா யாரோ எவரோ என்பதுபோல உட்கார்ந்திருப்பார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

போன ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கான தவளை நீச்சலில் முதல் இருவர் மட்டுமே பெரிய போட்டிக்குப் போகலாம். அடுத்த வருடம் மகளுக்கு வயதுப் பிரிவு மாறிவிடும்; விட்டால் வாய்ப்பில்லை. எட்டு மாதம் அலாரத்துக்கு முன்னால் எழுந்து உழைத்திருந்தாள். மகளுக்கு மூன்றாவது லேன். அக்கா பார்க்க வேண்டியது ஐந்து முதல் எட்டு வரை.

மகள் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்தது ஐந்தாவது லேன் பெண், வேறு கிளப். அடுத்த கணம் படிகள் முழுக்கக் கூச்சல்.

"அஞ்சாவது லேன் திரும்புறப்ப ஒத்தக் கைதான்! தூக்குங்கக்கா கைய!"

செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எம் பையனுக்குத் தூக்குன கை இப்ப எங்க போச்சு? நானே பாத்தேன். தூக்குனா உங்க பொண்ணு ரெண்டாவது!"

தலைமை நடுவரான பல் டாக்டர் சீட்டோடு வந்தார். "நீங்க பாத்தீங்களா?" அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும். மகளும் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து அம்மாவின் கையையே பார்த்தபடி நின்றாள்.

 அக்கா பார்க்கவில்லை. ஐந்தாவது லேன் பெண் சுவரைத் தொட்ட நேரத்தில் அவர் கண் மூன்றாவது லேனுக்கு ஓடிவிட்டிருந்தது. பதினாறு வருடத்தில் பார்க்காமல் ஒரு சட்டையைக்கூட மடித்து வைத்தவர் இல்லை. அவமானத்தில் காது சுட்டது. தண்ணீர் தெறித்துக் கண்ணை மறைத்தது என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது.

"இல்ல டாக்டர். அந்த நேரம் நான் எம் பொண்ண பாத்துட்டு நின்னேன். தப்பு என்னோடது. பாக்காததுக்கு கை தூக்க மாட்டேன்."

"உங்க பொண்ணு வாய்ப்பு போச்சேம்மா!" என்று தலையில் கைவைத்தார் செயலாளர்.

"போகட்டும். அவ கையால ஜெயிச்சு வரட்டும் சார், எங் கையால வேண்டாம்."

மகள் துண்டைத் தரையில் எறிந்துவிட்டு நடந்தாள். டாக்டர் சீட்டில் மூன்றாவது இடம் என்று எழுதினார். படிகளில் யாரோ "என்னா நடிப்பு!" என்றது தெளிவாகவே கேட்டது. போகிற போக்கில் டாக்டர் கரிசனமாக, "அடுத்த போட்டிக்கு வேணும்னா டீ மேசைப் பக்கம் போய் உக்காருங்களேன்" என்றார்.

"கண்ணு தப்பு பண்ணிச்சு. அதுக்கு நிழலா? இங்கயே நின்னு ஒழுங்கா பாக்கட்டும்" என்றார் அக்கா.

அடுத்தது நால்வர் தொடர் நீச்சல். மகளின் அணிக்கு மறுபடியும் மூன்றாவது லேன். இரண்டாவதாகக் குதிக்க வேண்டிய மகள், இந்த முறை அம்மா நிற்கும் பக்கத்திலிருந்தே, அவருக்கு இடப்புறம் நாலைந்து எட்டு தள்ளி மேடையில் ஏறினாள். கண்கள் சிவந்திருந்தன. படிகளில் இருந்த அத்தனை பேரும் குளத்தை விட்டுவிட்டு அக்காவையே பார்த்தார்கள்.

விசில் ஊதியது. அக்கா இடக் கையை விரித்து, கண்ணோரமாகக் கன்னத்தில் திரைபோல் வைத்துக்கொண்டு, ஐந்தாவது லேனின் சுவரை நோக்கிக் குனிந்தார்.